அண்ணன் மேலே, தம்பி கீழே

எங்கள் கம்ப்யூட்டரைப் போட்டால் அது முதலில் ஒரு கேள்வி கேட்கும். திண்டிவனத்தில் அப்போது நாலைந்து கடைகளிலாவது கம்ப்யூட்டர் இருந்தது. ஆனால் ஆளைப் பார்த்துக் கேள்வி கேட்கிற கம்ப்யூட்டர் எங்களிடம்தான் இருந்தது. மற்றவை போட்டவுடன் நீல வானத்தையும் வெள்ளை மேகத்தையும் காட்டிவிட்டு வேலைக்கு வந்து நின்றுவிடும். எங்களுடையதற்கு அந்த அடக்கமெல்லாம் கிடையாது. கருப்புத் திரையில் இரண்டு வரிகளைக் காட்டி, உனக்கு யார் வேண்டும் என்று கேட்டுக்கொண்டு நிற்கும். ஆங்கில எழுத்தில் மேல்வரி ‘அண்ணன்’. கீழ்வரி ‘தம்பி’. அடியில் ஓர் எண் பத்திலிருந்து ஒவ்வொன்றாக இறங்கும். அது முடிவதற்குள் அம்புக்குறி விசையை அழுத்தி யாரென்று சொல்லிவிட வேண்டும். சொல்லாமல் வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தால், மேலே யார் இருக்கிறாரோ அவரிடம் அதுவாகவே போய்விடும்.

நான் ஐந்தாவது படித்த வருடம் அது. ஒரே பெட்டிக்குள் இரண்டு கம்ப்யூட்டர் இருக்கிறது என்று பள்ளியில் சொன்னபோது ஒருத்தியும் நம்பவில்லை. புளுகுவதற்கும் ஓர் அளவு வேண்டும் என்றார்கள். அவர்களைச் சொல்லிக் குற்றமில்லை. எனக்கே சில நாள் சந்தேகம் வந்து, பெட்டியின் பின்பக்கம் போய் எட்டிப் பார்த்திருக்கிறேன். அங்கே ஒரு காற்றாடி மட்டும் சுற்றிக்கொண்டிருக்கும்.

அந்தப் பெட்டி எங்கள் வீட்டு முன்னறையில் இருந்தது. முன்னறைதான் கடை. கல்யாணப் பத்திரிகை, காதணி விழா, எங்களைப்போன்ற கிறிஸ்தவர்களின் புதுநன்மை, மஞ்சள் நீராட்டு, கண்ணீர் அஞ்சலி என்று மனிதர்களுக்கு நேர்கிற எல்லாவற்றையும் பெரியப்பாவும் அப்பாவும் அங்கே உட்கார்ந்து அடித்துக் கொடுத்தார்கள். வீட்டில் நாங்கள் ஆறு பேர். பெரியப்பா, பெரியம்மா, அவர்கள் மகளான அக்கா ஒரு பக்கம். அப்பா, அம்மா, நான் இன்னொரு பக்கம். பக்கம் என்று இப்போது எழுதுகிறேனே தவிர, அப்போது அப்படி ஒன்று இருந்ததாக எனக்குத் தெரியாது. நான் அக்காவின் பாயில்தான் படுப்பேன். அவள்தான் எனக்குத் தலை பின்னிவிடுவாள், கணக்குச் சொல்லித் தருவாள், கொட்டவும் கொட்டுவாள்.

கடையில் படம் போடுவது, பூ போடுவது, எழுத்தை வளைப்பது எல்லாம் அப்பாவின் வேலை. முறை பார்ப்பது பெரியப்பாவின் வேலை. முறை பார்ப்பது என்றால், பத்திரிகையில் யார் பெயருக்கு மேலே யார் பெயர் வர வேண்டும் என்று தீர்மானிப்பது. கேட்பதற்குச் சின்ன விஷயமாகத் தெரியும். எங்கள் பக்கத்தில் கல்யாணமே நின்றுபோகிற விஷயம் அது. பத்திரிகை அடிக்க வந்தவர்களைப் பெரியப்பா எதிரில் உட்காரவைத்து, போலீஸ் ஸ்டேஷனில் கேட்பதைப்போல் கேட்பார்.

“இவுரு மூத்தவரா, அவுரு மூத்தவரா? தாய்மாமன்ல பெரியவரு யாரு? செத்துப்போனவரு பேர மேல போடறதா, கீழ போடறதா? கேட்டுக்கினு வாங்க, அப்புறம் அடிக்கலாம்.”

அப்படிப்பட்ட பெரியப்பாவின் கடையில் அந்தத் தை மாதம் முறை தப்பிவிட்டது. ஒலக்கூர்ப் பக்கத்துக் கல்யாணம் ஒன்று. பெண்ணின் பெரியப்பா பெயருக்கு மேலே சித்தப்பா பெயரைப் போட்டு அச்சாகி, பாதி உறவுக்குப் பத்திரிகை வைத்தும் ஆகிவிட்டது. கீழே போனவர் நேராகக் கடைக்கே வந்துவிட்டார். வெள்ளை வேட்டி, கையில் பத்திரிகை. கோபப்படவே இல்லை. மிக மரியாதையாகக் கேட்டார்.

“எங்க தம்பி எப்பங்க எனக்கு அண்ணன் ஆனாரு?”

கடையில் நின்றிருந்தவர்கள் எல்லோரும் சிரித்துவிட்டார்கள். சிரிக்காதவர்கள் அவரும் பெரியப்பாவும் மட்டும்தான். சாயந்திரமே தான் அதைத் திருத்தி வைத்துவிட்டதாகப் பெரியப்பா சொன்னார். தான் திறந்தபோது இருந்ததைத்தான் அச்சுக்கு அனுப்பியதாக அப்பா சொன்னார். கம்ப்யூட்டரைத் திறந்து பார்த்தால் ‘பைனல்’ என்று ஒன்று, ‘பைனல் புதுசு’ என்று ஒன்று, ‘பைனல் கடைசி’ என்று ஒன்று இருந்தன. எது யாருடையது என்று அன்றைக்கும் தெரியவில்லை, இன்றைக்கும் தெரியாது. பேச்சு வளர்ந்தது. எல்லோர் முன்னாலும் பெரியப்பா ஒன்று சொல்லிவிட்டார்.

“நீயும் என்னக் கீழதான வெச்சிருக்கற.”

 அன்றோடு இருவரும் பேச்சை நிறுத்திவிட்டார்கள்.

ஒரே வீட்டில் இரண்டு பேர் பேசாமல் இருந்தால் மூன்றாவது ஆளுக்கு வேலை அதிகம். “உங்கப்பாகிட்ட பேப்பரு தீந்துபோச்சுன்னு சொல்லு” என்பார் பெரியப்பா. அப்பா இரண்டடி தள்ளித்தான் நிற்பார். “வாங்கியாந்தாச்சுன்னு சொல்லு” என்பார் அப்பா. நான் நடுவில் நின்று இரண்டையும் ஒரு முறை திருப்பிச் சொல்வேன். எனக்கு அது விளையாட்டாகத்தான் இருந்தது. ஒருநாள் பெரியம்மா தன் பிறந்த ஊரான விழுப்புரத்தில், ரயில்வே ஸ்டேஷன் பக்கம் ஒரு கடை காலியாக இருப்பதாகச் சொன்னாள். அக்கா எனக்குப் பின்னிக்கொண்டிருந்த சடையைப் பாதியில் விட்டுவிட்டாள். அதன்பிறகு எனக்கு அது விளையாட்டாக இல்லை. அக்கா விழுப்புரம் போய்விட்டால் நான் யார் பாயில் படுப்பது?

அம்மா விழுப்புரத்துக்குப் போன் போட்டுத் தன் தம்பியை வரச்சொன்னாள். கம்ப்யூட்டர் படித்துக்கொண்டிருந்த மாமா அவர். அவருக்குத் தெரியாதது என்று உலகத்தில் எதுவும் இல்லை. தெரியாததையும் தெரிந்த குரலிலேயே சொல்லிவிடுவார். ஒருவர் செய்ததில் இன்னொருவர் கை படாமல் இருக்க வழி இருக்கிறதா என்று அம்மா கேட்டாள். வழி இருந்தால் சண்டை தீரும், சண்டை தீர்ந்தால் விழுப்புரம் பேச்சும் நிற்கும் என்பது அவள் கணக்கு.

“ரெண்டா பிரிச்சிடலாங்க்கா. பெட்டி ஒண்ணு, உள்ள ஆளு ரெண்டு” என்று போனிலேயே சொன்னார் மாமா.

தவக்காலத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றில், நாங்கள் பூசை முடிந்து வருவதற்குள் மாமா பாசஞ்சரில் வந்து இறங்கிவிட்டார். கையில் ஏதோ கம்ப்யூட்டர் பத்திரிகையோடு இலவசமாகக் கிடைத்த குறுந்தகடுகள். ஒவ்வொன்றையும் சட்டையில் துடைத்து, வெளிச்சத்தில் பிடித்து, பூசையில் சாமியார் அப்பத்தைத் தூக்கிக் காட்டுவதுபோல் எங்களுக்குக் காட்டினார். லினக்ஸ் என்று ஒன்று இதற்குள் இருக்கிறது, இப்போதுள்ள விண்டோஸுக்குப் பக்கத்திலேயே இதையும் குடிவைக்கப் போகிறேன் என்றார். ஒருவருக்கும் விளங்கவில்லை. மல்லாட்டை என்று நாங்கள் சொல்லும் வேர்க்கடலையை அம்மா வேகவைத்து வைத்திருந்தாள். அதில் ஒன்றை மாமா எடுத்து உடைத்தார்.

“ஓடு ஒண்ணு. உள்ள பருப்பு ரெண்டு. ஒண்ணு மேல ஒண்ணு படாது. அவ்ளோதான், முடிஞ்சுது.”

அதுவரை நான் தின்ற மல்லாட்டைக்கு அளவில்லை. அந்தச் சங்கதியை ஒருநாளும் கவனித்ததில்லை. ஒவ்வொன்றாக உடைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தேன். மூன்று பருப்பு இருந்த ஒன்றைக் கண்டுபிடித்து மாமாவிடம் நீட்டினேன். அதுவும் முடியும் என்றார்.

முதலில், உள்ளே இருப்பதையெல்லாம் ஒரு பக்கமாக ஒதுக்க வேண்டும் என்றார். திரை முழுக்கக் குட்டிக் குட்டிச் சதுரங்கள் வந்தன. நீலம், பச்சை, சிவப்பு. ஒவ்வொரு சதுரமும் இருந்த இடத்திலிருந்து மறைந்து, மேலே ஓர் ஓரத்தில் போய் ஒட்டிக்கொண்டது. திருவிழா பஸ்ஸில் கண்டக்டர் சொல்லச் சொல்ல ஜனங்கள் நெருங்கி உட்காருவார்களே, அப்படி. அந்த ஒவ்வொரு சதுரத்துக்குள்ளும் எங்கள் கடையில் நடந்த ஒரு கல்யாணமோ ஒரு சாவோ இருக்கிறது என்று மாமா சொன்னார். நானும் அக்காவும் கன்னத்தில் கை வைத்து உட்கார்ந்துவிட்டோம். திண்டிவனத்து ஜனங்கள் மொத்தமும் எழுந்து இடம் மாறுவதைக் கூரைமேல் இருந்து பார்ப்பதுபோல் இருந்தது. சாப்பிடக் கூப்பிட்டதற்கும் நாங்கள் எழுந்து போகவில்லை.

கீழ்ப்பக்கம் வெறுமையானதும் மாமா முகத்தைத் துடைத்துக்கொண்டார். இப்போதுதான் நடுவில் கோடு போட வேண்டும். இது ஓடும்போது மட்டும் கரண்ட் போகக் கூடாது, போனால் உள்ளே இருப்பது ஒன்றும் மிஞ்சாது என்றார். சித்திரை, வைகாசிக் கல்யாணங்கள் அத்தனையும் உள்ளே இருந்தன. பெரியப்பா சிலுவை போட்டுக்கொண்டார். அப்பாவும் போட்டுக்கொண்டார். மாமா விசையை அழுத்தினார். நீலத் திரையில் ஒரு வெள்ளைப் பட்டை நத்தை மாதிரி நகரத் தொடங்கியது.

கரண்ட் போய்விட்டது.

மின்விசிறி நின்றது. மேசைக்கு அடியில் இருந்த யு.பி.எஸ். ‘கீ, கீ’ என்று கத்த ஆரம்பித்தது. பழைய யு.பி.எஸ். அது. அது எவ்வளவு நேரம் தாங்கும் என்று மாமா கேட்டார். அப்பா உதட்டைப் பிதுக்கினார். அதிலேயே எல்லோருக்கும் தெரிந்துவிட்டது.

“மானிட்டருதான் கரண்ட்ட குடிக்குது மாமா, அத்தப் புடுங்கிட்டா பெட்டி கொஞ்ச நேரம் தாங்கும், ஜல்தி!” என்று மாமா அப்பாவைப் பார்த்துக் கத்தினார்.

பெரியப்பாவும் அப்பாவும் ஒரே நேரத்தில் மேசைக்கு அடியில் பாய்ந்தார்கள். இரண்டு தலையும் நன்றாக மோதிக்கொண்ட சத்தம் கேட்டது. இருவரும் ஒரே பிளக்கைப் பிடித்துப் பிடுங்கினார்கள். திரை அணைந்தது. பெட்டி மட்டும் இருட்டுக்குள் இருந்து பேசுவதுபோல் முனகிக்கொண்டிருந்தது. உள்ளே கோடு முடிந்ததா, பாதியில் நிற்கிறதா, பார்க்க வழியில்லை. பெரியம்மா ‘அருள் நிறைந்த மரியே’ என்று ஆரம்பித்தாள். நாங்கள் எல்லோரும் பதில் சொன்னோம். யு.பி.எஸ்.ஸின் கத்தல் அவசரமாகிக்கொண்டே வந்தது. அதற்கு ஏற்றபடி பெரியம்மாவின் செபமும் வேகமெடுத்தது. மேசைக்கு அடியில் அண்ணனும் தம்பியும் முட்டிபோட்டபடியே, பிளக்கை விடாமல் பதில் சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

மின்விசிறி மெல்ல அசைந்தது. கரண்ட் வந்துவிட்டது. பிளக்கைச் சொருகினார்கள். திரை வெளுத்து, தெளிந்தது. வெள்ளைப் பட்டை கடைசிவரை போய் நின்றிருந்தது. அப்பாவின் நெற்றியில் ஒரு புடைப்பு, பெரியப்பாவின் நெற்றியில் ஒரு புடைப்பு. இருவரும் ஒருவர் புடைப்பை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். இதோ பேசிவிடுவார்கள் என்று நினைத்தேன். பெரியப்பா மூக்குக்கண்ணாடியைத் தேடி எடுத்துப் போட்டுக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

அதற்குப் பிறகு நடந்ததுதான் எனக்குப் பெரிய அதிசயம். மாமா ஏதேதோ குறுந்தகடுகளை மாற்றி மாற்றிப் போட்டார். கடைசியில் ஒரு திரை திறந்தது. அதில் இருந்ததெல்லாம் தமிழ். கம்ப்யூட்டருக்குத் தமிழ் தெரியும் என்று எங்களில் யாரும் எண்ணியதில்லை. பத்திரிகையில் நாம் அடிக்கிற தமிழ் வேறு, அது நாம் சொல்லிக் கம்ப்யூட்டர் எழுதுவது. இது அதுவாகவே தமிழில் பேசியது. பெரியப்பா கோயிலில் வாசகம் வாசிக்கிறவர். ஆங்கிலம் என்றால் அவருக்கு எட்டிக்காய். எந்தப் பொத்தான் எங்கே என்று இடத்தை வைத்துத்தான் நினைவில் வைத்திருந்தார். அவர் எழுந்து திரைக்கு அருகில் போய், பீடத்துக்கு முன் நின்று வாசிக்கிற அதே குரலில் வாசித்தார்.

“கோப்பு. திருத்து. பார்வை. உதவி. குப்பைத் தொட்டி. வெளியேறு.”

குப்பைத் தொட்டியை அவ்வளவு பக்தியோடு வாசித்து நான் வேறு எங்கும் கேட்டதில்லை. வாசித்து முடித்ததும், “இது எனக்கு” என்றார். பழைய விண்டோஸ் பக்கம் அப்பாவுக்கு என்று ஆனது.

பெட்டியைப் போட்டதும் வருகிற இரண்டு வரிக்கு என்ன பெயர் வைக்கலாம் என்று மாமா என்னைத்தான் கேட்டார். பெரியப்பா, அப்பா என்று வைக்கச் சொன்னேன். அக்கா விடவில்லை. “எனக்கு அது அப்பா, இது சித்தப்பா” என்றாள். எங்கள் சண்டை அழுகைவரை வந்துவிட்டது. மாமா யோசித்து, ஆங்கில எழுத்தில் அண்ணன், தம்பி என்று அடித்தார். அதில் சண்டை போட எங்களுக்கு இடமில்லை. மறுபடி பெட்டியைப் போட்டபோது கருப்புத் திரையில் அண்ணன் மேலே, தம்பி கீழே வந்தார்கள்.

வரிசையைப் பார்த்ததும் எல்லோரும் அப்பாவைத் திரும்பிப் பார்த்தார்கள். எதனால் என்று எனக்குத் தெரியாவிட்டாலும் நானும் பார்த்தேன். வேண்டுமானால் மாற்றிக்கொள்ளலாம், அண்ணன் பக்கம் உள்ளே போய் ஒரு கோப்பில் இரண்டு வரியை இடம் மாற்றினால் போதும் என்றார் மாமா. அப்பா சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னார்.

“எதுக்கு மாத்தணும்? மேல இருக்க வேண்டியது மேல இருக்குது.”

பெரியம்மா உள்ளே ஓடிப்போய்த் தீர்த்தப் புட்டியோடு வந்தாள். புது வீடு, புது வண்டி எதுவானாலும் எங்கள் வீட்டில் தீர்த்தம் தெளிக்காமல் விடமாட்டார்கள். “அண்ணி, வேணாங்க!” என்று அப்பா கத்துவதற்குள் திரை, பெட்டி, மாமா எல்லோர்மேலும் விழுந்துவிட்டது. மாமா தோள் துண்டால் பெட்டியை மூடிக்கொண்டு படுத்துவிட்டார். பெட்டிக்கு ஒன்றும் ஆகவில்லை. தன் தீர்த்தத்தால்தான் ஒன்றும் ஆகவில்லை என்றாள் பெரியம்மா.

மறுநாளிலிருந்து காலையில் பெரியப்பா, மதியத்துக்குமேல் அப்பா என்று முறை வைத்துக்கொண்டார்கள். பொத்தானை அழுத்திப் பெட்டியைப் போடும் உரிமை என்னிடம் இருந்தது. காலையில் பள்ளிக்குப் போவதற்கு முன் பெரியப்பாவுக்குப் போட்டுக் கொடுப்பேன். மாலையில் வந்ததும், அப்பா எனக்காகவே போடாமல் நிறுத்திவைத்திருக்கும் பெட்டியை மறுபடி போடுவேன். அண்ணனிடம் போனால் தம்பியின் பூவும் வளைவெழுத்தும் கிடையாது. தம்பியிடம் வந்தால் அண்ணனின் தமிழ் கிடையாது. ஒரே திரை, ஒரே விசைப்பலகை, மேசைமேல் அதே டீ டம்ளர் கறை. போனது எங்கே, வந்தது எங்கிருந்து? கோயிலில் சாமியார் சொல்லும் கண்ணுக்குத் தெரியாத காரியங்களில் எனக்கு முதன்முதலில் நம்பிக்கை வந்தது இந்தப் பெட்டியால்தான். ஆனால் அம்மா கணக்குப் போட்டபடி சண்டை தீரவில்லை. கை படாமல் இருக்க வழி செய்து கொடுத்தோம். பேசுவதற்கு இருந்த ஒன்றிரண்டு காரணமும் அதோடு போய்விட்டது. விழுப்புரத்துக் கடையைப் பேசி முடித்துவிட்டார்கள். அக்காவின் பிளஸ் டூ பரீட்சை முடிந்ததும் போவதாக ஏற்பாடு.

குருத்தோலை ஞாயிறு முடிந்த மறுநாள் மாலை பெட்டியைப் போட்ட நான் அலறிவிட்டேன். கருப்புத் திரையில் தம்பி மேலே இருந்தார். அண்ணன் கீழே.

காலையில் நான் போட்டபோது அண்ணன்தான் மேலே இருந்தார், சத்தியமாகப் பார்த்தேன். அப்பா வந்து பார்த்தார். எண் பத்திலிருந்து இறங்கி முடிந்து, யாரும் எதையும் அழுத்தாமலே அப்பாவின் பக்கம் திறந்தது. அவர் அதற்குப் பிறகும் வெகுநேரம் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். அன்றைக்கு மாலை மெயின் ரோட்டுப் பூத்துக்குப் போய் மாமாவிடம் போனில் நிறைய நேரம் பேசினார். திரும்பி வந்து, “பெரியப்பா பக்கத்துக்கு பாஸ்வேர்டு இன்னாம்மா வெச்சாங்க?” என்று கேட்டார். எனக்கு ஒரே பெருமை. “மல்லாட்டை” என்றேன்.

மறுநாள் காலையில் அண்ணன் மேலே இருந்தார். மாலையில் தம்பி மேலே இருந்தார். அதற்கு மறுநாளும் அப்படியே. பெரிய வியாழன், பெரிய வெள்ளி கடை இல்லை. ஈஸ்டர் முடிந்து திறந்தால் மறுபடி காலையில் அண்ணன், மாலையில் தம்பி.

நானும் அக்காவும் உட்கார்ந்து யோசித்து ஒரு முடிவுக்கு வந்தோம். யார் உட்காரப் போகிறார்கள் என்று கம்ப்யூட்டருக்கு முன்கூட்டியே தெரிகிறது. வருகிறவர் பெயரை எடுத்து அதுவே மேலே வைக்கிறது. காலையில் வரப்போவது அண்ணன், அதனால் அண்ணன் மேலே. மாலையில் வரப்போவது தம்பி, அதனால் தம்பி மேலே. இதைக் கண்டுபிடித்த அன்று எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. ஊரில் யாருக்கும் தெரியாத மரியாதை இந்த இரும்புப் பெட்டிக்குத் தெரிந்திருக்கிறதே! பெரியம்மாவிடம் சொன்னோம். அவளுக்கு ஆச்சரியமே இல்லை. தீர்த்தம் தெளித்தது சும்மாவா என்றாள். அடுத்த ஞாயிறு கோயிலிலிருந்து இரண்டு பெண்களைக் கூட்டிவந்து திரையைத் தொட்டுக் கும்பிடவும் வைத்தாள்.

விஷயம் இவ்வளவு தூரம் போனதும் அம்மா மறுபடி தன் தம்பியை வரவழைத்தாள். மாமா அண்ணன் பக்கத்துக்குள் போய் எதையோ திறந்தார். ஏதோ தேதி, ஏதோ நேரம் எல்லாம் பார்த்தார். அப்புறம் நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்து, பெரியப்பாவைப் பார்த்தார், அப்பாவைப் பார்த்தார். வாய் ஓயாமல் பேசுகிற மாமா அன்றைக்கு எங்கள் முன்னால் பேசியது இவ்வளவுதான்.

“மெஷின்ல ஒரு ரிப்பேரும் இல்ல. நல்லாத்தான் ஓடுது. யாரும் கைய வெக்காதீங்க.”

பிறகு சமையலறைக்குப் போய் அம்மாவிடம் ஏதோ சொன்னார். அன்று மதியம் அம்மா பெரியப்பாவுக்கும் அப்பாவுக்கும் பக்கத்துப் பக்கத்தில் தட்டு வைத்தாள். அவர்கள் உட்கார்ந்து சாப்பிட்டார்கள். ஒருவர் குழம்பு கேட்கும் முன் இன்னொருவர் சட்டியை நகர்த்திவைத்தார். ஆனால் பேசவில்லை.

அந்தப் பெட்டி தானாக வரிசையை மாற்றாது என்பதை நான் கல்லூரியில் கம்ப்யூட்டர் படித்த பிறகுதான் தெரிந்துகொண்டேன். யாராவது உள்ளே போக வேண்டும். கடவுச்சொல்லைக் கொடுக்க வேண்டும். அந்தக் கோப்பைத் திறந்து, கீழே இருக்கும் வரிகளை வெட்டி எடுத்து மேலே ஒட்டி, சேமித்துவிட்டு வர வேண்டும். அப்பா பக்கத்திலிருந்து பார்த்தால் அந்தக் கோப்பு இருப்பதே தெரியாது. அப்பா அதைச் செய்ய வேண்டுமானால் அண்ணனுடைய இடத்துக்குள் போய், அவருக்குப் பழக்கமே இல்லாத அந்தத் திரையில் தடவித் தடவித்தான் செய்திருக்க வேண்டும். ஒவ்வொரு நாளும் வேலை முடிந்து எழுந்திருக்கும்போது செய்திருக்க வேண்டும். பெரியப்பாவும் அப்படித்தான். எழுந்து போகிறவர் போகும்போது செய்துவிட்டுப் போனதை, வருகிறவருக்கு மெஷின் கொடுக்கும் மரியாதை என்று நாங்கள் எண்ணிக்கொண்டிருந்தோம்.

பரீட்சை முடிந்தது. அக்காவுக்கு விழுப்புரத்தில் கல்லூரி என்று முடிவாயிற்று. ஒரு மே மாதக் காலையில் வாசலில் வேன் வந்து நின்றது. அப்பாதான் எல்லாச் சாமானையும் தூக்கி ஏற்றினார். பீரோவைப் பிடிக்க மட்டும் பெரியப்பா மறுபக்கம் வந்தார். கம்ப்யூட்டரை யாரும் தொடவில்லை. விழுப்புரத்தில் புதிதாக ஒன்று பார்த்துக்கொள்வதாகப் பெரியம்மா சொன்னாள். வேன் கிளம்பும் முன் பெரியப்பா என்னைக் கூப்பிட்டு, பெட்டியைப் போடச் சொன்னார். போட்டேன். அண்ணன் மேலே இருந்தார். என்னை அனுப்பிவிட்டுக் கொஞ்ச நேரம் தனியாக உட்கார்ந்திருந்தார். பெட்டியை நிறுத்திவிட்டு வெளியே வந்தார். அம்மாவிடம் சொல்லிக்கொண்டார், என் கன்னத்தைக் கிள்ளினார். அப்பாவுக்கு நேராக வந்து நின்றார்.

“மெஷினப் பாத்துக்க. வர்றேன்.”

“சரிண்ணா. போய்ட்டு வாங்க” என்றார் அப்பா.

அத்தனை மாதத்தில் அவர்கள் பேசிக்கொண்டது அதுதான். நடுவில் என்னை வைக்காமலேயே பேசிவிட்டார்களே என்று எனக்கு ஒரு கணம் ஆச்சரியமாக இருந்தது. அதற்குள் அக்கா வேனில் ஏறி உட்கார்ந்து அழ ஆரம்பித்துவிட்டாள். நான் வேன் பின்னாலேயே மேம்பாலம்வரை ஓடினேன். அன்று பகல் முழுக்க அழுது தூங்கிவிட்டேன். அப்பா எப்போது கடையில் உட்கார்ந்தார், எப்போது எழுந்தார் என்றெல்லாம் எனக்குத் தெரியாது.

அடுத்த நாள் காலையில் முன்னறை பெரிதாகிவிட்டதுபோல் இருந்தது. பெரியப்பாவின் நாற்காலி மட்டும் ஒதுங்கிக் கிடந்தது. அப்பா வந்து உட்கார்ந்தார். காலையில் அவர் அங்கே உட்கார்ந்து நான் பார்த்து வெகுநாள் ஆகியிருந்தது. நான் போய்ப் பொத்தானை அழுத்தினேன். இனி எந்த வேளைக்கும் அப்பா மட்டும்தானே, இனி எப்போதும் தம்பிதான் மேலே வரப்போகிறார் என்று நினைத்துக்கொண்டே அழுத்தினேன். இவ்வளவு விஷயம் தெரிந்த கம்ப்யூட்டருக்கு, பெரியப்பா ஊரில் இல்லை என்பது தெரியாமலா இருக்கும்?

திரை கருத்தது. இரண்டு வரி வந்தது. அண்ணன் மேலே இருந்தார்.

கம்ப்யூட்டருக்கு என்ன ஆயிற்று? அது முதன்முறையாகத் தப்புச் செய்திருக்கிறது. தப்புக்கூட இல்லை, வேறு என்னவோ. அழுது வீங்கிய கண்ணைத் துடைத்துக்கொண்டு அப்பாவின் தோளைப் பிடித்து உலுக்கினேன்.

“கம்ப்யூட்டரு பெரியப்பாவத் தேடுதுப்பா!”

“ஆமாம்மா” என்றார் அப்பா. “தேடுது.”

எண் பத்திலிருந்து இறங்கிக்கொண்டிருந்தது. கீழ் அம்புக்குறியை ஒரு முறை அழுத்தினால் அப்பாவின் பக்கம் வந்துவிடும். மேசையில் அவசர வேலை இரண்டு காத்திருந்தது. அழுத்துங்கப்பா, அழுத்துங்கப்பா என்று நான் சொல்லிக்கொண்டே இருந்தேன். அப்பா கையை மடியிலேயே வைத்திருந்தார். எண் முடிந்தது. பெரியப்பாவின் பக்கம் திறந்து, கோப்பு, திருத்து, பார்வை, உதவி என்று வரிசையாக வந்து நின்றது. ஒரு விசையைத் தட்டினால் முடிகிற வேலையை, தட்டத் தெரிந்த அப்பா ஏன் தட்டாமல் உட்கார்ந்திருந்தார் என்று எனக்கு அன்றைக்கு விளங்கவில்லை.